உன் கல்லை எங்கே வைக்க?

நெடுங்கரை,
திருச்சுழி வழி.
12-5-96

அன்புத் தம்பி பாண்டீஸ்வரனுக்கு அக்கா குருவம்மாள் ஆசியோடு எழுதுவது.

இங்கே நான், உன் மச்சான், பிள்ளைகள் எல்லோரும் வெயிலில் வெந்துகொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். சூரத்தில் நீயும் ரேணுகாதேவியும் என் மருமகளும் சௌக்கியம்தானா? தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது என்று தை மாதம் எழுதினாய். காதுதானே மந்தம், கை நன்றாகத்தானே இருக்கிறது? அதற்குப் பிறகு ஒரு கடிதத்தையும் காணோம். "உன் தம்பி கலெக்டர் வேலை பாக்கான், அவனுக்கு நேரமேது" என்று உன் மச்சான் கேலி செய்கிறார். அவரிடம் நான் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. திட்டுவதை உன்னிடம் வைத்துக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடம் லீவு. சத்துணவுக் கூடத்தைப் பூட்டிவிட்டு, ஒரு மாதமாக எனக்கு அடுப்புப் புகை இல்லாத வாழ்க்கை. மூத்தவளுக்குப் பாலவனத்தத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பையன் விருதுநகரில் பருப்பு மில்லில் இருக்கிறான். ஆவணியில் பேசி முடிக்கலாம் என்கிறார்கள். கண்மாய் உள்வாயில், தண்ணீர் பெருகினால் முங்குகிற நம் அப்பா காட்டில் இந்த வருஷமும் எதுவும் போடவில்லை, கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. நீ வந்து பார்த்தால் அது நம் காடு என்றே சொல்ல மாட்டாய். நீ எங்கே வரப்போகிறாய்? பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு தடவை வந்தாய். இரண்டு தடவையும் ராத்தங்கவில்லை.

சரி, எழுத வந்ததை எழுதுகிறேன். நம் ஊரில் ஒரு அதிசயம் நடக்கிறது. வறண்டு கிடக்கிற பெரிய கண்மாய்க்குள்ளே ஊரே சேர்ந்து நம் ஊரைப் படமாக வரைகிறது. காகிதத்தில் இல்லை, தரையில். நீளவாக்கில் நடந்தால் நூறு தப்படிக்கு மேல் வரும். ஆரம்பித்தது ரூத்தும் அவள் வீட்டுக்காரர் ஆஸ்டினும். ரூத்தை நீ மறந்திருக்க மாட்டாய். கீழத்தெரு சுவாமிதாஸின் மகள், இப்போது என் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்திலேயே பால்வாடி டீச்சர். ஆஸ்டின் அருப்புக்கோட்டையில் டிராயிங் வாத்தியார். லீவு விட்டதும் ஊர்ப் பெரியவர்களிடம் வந்து, கண்மாய் வெட்டினதிலிருந்து இந்த ஊருக்கு நடந்ததையெல்லாம் தரையில் வரைந்து வைப்போம், எல்லா வீட்டுக்கும் அதில் பங்கு வேண்டும் என்று கேட்டார். வெயிலில் இவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் முதலில் சிரித்தார்கள். பத்தே நாளில் மேலத்தெருவும் கீழத்தெருவும் கூடையும் கையுமாக இறங்கிவிட்டன.

நீ பார்க்க வேண்டும் தம்பி. தெருவெல்லாம் சுண்ணாம்புக் கோடு. வீடுகளுக்கு ஓட்டுச்சில்லு. அய்யனார் கோவிலுக்குச் செங்கல் தூள், கீழத்தெருச் சர்ச்சுக்கு வெள்ளைச் சுக்கான்கல். அருப்புக்கோட்டைத் தறிக்குப் போகிற பெண்கள் நீலக் கழிவு நூலைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வாய்க்காலுக்கு விரித்துக் கல் வைத்து அமுக்கியிருக்கிறார்கள். காற்றடிக்கும்போது நிஜமாகவே தண்ணீர் ஓடுவது போல் இருக்கிறது. கண்மாய்க் கரைக்குக் கரிசல் கட்டி. ஒற்றைப் பனை முக்கில் மட்டும் செம்மண் கொட்டினார்கள். கண்மாய் உடைவதற்கு முன்னால் அந்த இடத்துக்கு மட்டும் அப்பா வெளியூரிலிருந்து வண்டியில் செம்மண் அடித்துக் கரையைச் சரிசெய்தாரே, அதைக்கூட ஊர் மறக்கவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சி காய்ச்சின இடம், முதல் பஸ் வந்து சகதியில் அமுங்கின இடம் என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தார்கள். அப்புறம் கண்மாய் உடைந்த நாள் வந்தது. எண்பத்து நாலு, கார்த்திகை மூன்று, ஞாயிற்றுக்கிழமை. அதை எப்படி வரைவது என்று ஆளுக்கொன்று பேசினார்கள். ஆஸ்டின்தான், அன்றைக்கு யார் எங்கே நின்றார்களோ அங்கே அவரவர் பெயரைச் சுண்ணாம்பால் எழுதின ஒரு கல்லை வைத்தால் அதுவே படம் ஆகிவிடும் என்றார். எல்லோருக்கும் பிடித்துப்போனது. அந்த நாளில் தான் எங்கே நின்றோம் என்று இந்த ஊரில் சொல்லத் தெரியாதவர்கள் யார்? ஒரே சந்தைக்கடைச் சத்தம். "நான் கோழிக்கூடையத் தூக்கிக்கிட்டு சர்ச்சு மேட்டுல நின்னேன்", "நான் வைக்கப்படப்பு மேல ஏறிட்டேன்" என்று சிரித்துச் சிரித்து வைக்கிறார்கள். நான் என் கல்லை நம் வீட்டு வாசலில் வைத்தேன்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு அவர்கள் வீட்டார் வைக்க வேண்டும் என்று ஊரில் முடிவு. கண்மாய் மராமத்துக்கு ஆள் வராவிட்டால் அந்த வீட்டிலிருந்து இன்னொருவர் மண்வெட்டி பிடிப்போமே, அந்த முறைதானாம். உனக்கு நான்தான் வைக்க வேண்டும்.

உன் கல்லை எங்கே வைக்க? அன்றைக்கு நீ தண்ணீர் வழிகிற கலுங்கில் நின்றதாகத்தான் ஊர்க் கூட்டத்தில் சொன்னாய். அங்கேயே வைத்துவிடவா? ஒரு வரி எழுதிப் போடு. ஒரு வரி போதும், ஆனால் யோசித்து எழுது.

ரேணுகாவுக்கு என் அன்பு. மருமகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தமிழும் சொல்லிக்கொடுக்கச் சொல். என் கடிதத்தை நாளைக்கு அவளாவது வாசிக்கட்டும்.

உன் அக்கா,
குருவம்மாள்


நெடுங்கரை
2-6-96

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று வரி. "கலுங்கிலேயே வை. பழசையெல்லாம் எதற்குக் கிண்டுகிறீர்கள்? வேறு வேலை இல்லையா?" கோபத்தில் எழுதியிருக்கிறாய், பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. சரி, தம்பி சொல்லிவிட்டான், வைத்துவிடுவோம் என்று கல்லை எடுத்துப் பெயரும் எழுதினேன். வைக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று முழுவதும் எழுதுகிறேன், பொறுமையாக வாசி. ரேணுகாவை வைத்துக்கொண்டு வாசிக்காதே.

உன் கடிதம் வந்ததற்கு முந்தின நாள், ஆடு மேய்க்கிற ஆண்டிச்சாமி தன் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் எப்போதும் சிரிப்பு மூட்டுகிறவன்தானே, பிள்ளைகளெல்லாம் சுற்றிக்கொண்டார்கள். நேரே போய்க் கலுங்கில் வைத்தான். மிச்சத் தண்ணீர் வெளியே போகிற இடத்தில் அன்றைக்கு அவனுக்கு என்ன வேலை என்று யாரோ கேட்க, அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். "இத்தன வருசம் கழிச்சு என்னத்துக்குப் பொய்யி? மீன் குத்தகைக்காரனுக்குத் தெரியாம கூடையும் கையுமா கெண்டை அள்ளிக்கிட்டு இருந்தேன். சுவாமிதாசு இடுப்பளவு தண்ணியில நின்னு, கலுங்க அடச்ச முள்ள இழுத்துக்கிட்டு கெடந்தான். ஏ ஆண்டி, மீனு எங்கயும் போகாது, வந்து ஒரு கை புடின்னு கத்துனான். நானா கேப்பேன்? மீனோட ஓடியாந்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அப்புறம் கூட்டத்திலிருந்து ஒரு குரல், அங்கே பாண்டி நிற்கவில்லையா என்று கேட்டது. "பாண்டியா? அங்கன எங்க ரெண்டு பேரத் தவுர ஒரு குருவி இல்லயே" என்று சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது. வாயில் கையை வைத்துக்கொண்டான். திருடின மீனுக்குப் பயந்து பன்னிரண்டு வருஷம் மூடி வைத்திருந்ததை, ஒரு சிரிப்புக்காகக் கொட்டிவிட்டான்.

தம்பி, அந்தக் கூட்டம் உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. கீழத்தெருவில் ஏழு வீடு விழுந்து மூன்று நாள் கழித்து அய்யனார் கோவில் முன்னால் கூடினார்கள். ஊருக்கு நீர்பாய்ச்சி சுவாமிதாஸ்தான், மடையும் கலுங்கும் அவர் குடும்பம்தான் தலைமுறையாகப் பார்த்தது. கலுங்கை அடைத்த முள்ளை எடுக்காமல் ஜெபத்துக்குத் திருச்சுழி போய்விட்டார், அதனால்தான் தண்ணீர் ஏறிப் பனை முக்கில் கரை உடைந்தது என்றார்கள். தான் கலுங்கில்தான் நின்றதாக அவர் கர்த்தர் மேல் சத்தியம் செய்தார். அப்போது நீ எழுந்து, "நான் கலுங்குல நின்னேன், இவரு அங்க இல்ல" என்று சொன்னாய். அந்த ஒரு வார்த்தைதான் சாட்சி. அடி விழுந்தது. அவர் கால் ஒடிந்தது. நீர்பாய்ச்சி வேலையை ஊர் பிடுங்கிக்கொண்டது. ஏழு வீட்டில் ஒரு வீடு அவருடையதே என்பதைக்கூட யாரும் யோசிக்கவில்லை. ஆண்டிச்சாமி அந்தக் கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தானாம். அடுத்த சித்திரையில் நீ சூரத்துக்கு வண்டி ஏறினாய்.

ஆண்டிச்சாமி உளறின மறுநாள் காலையில் சுவாமிதாஸ் வந்தார். அதுவரை அவர் கண்மாய்க்குள் காலே வைக்கவில்லை. ஊன்றுகோலோடு கரையிலிருந்து இறங்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? யாரையும் பிடிக்க விடவில்லை. கலுங்கில் ஆண்டிச்சாமி கல்லுக்குப் பக்கத்தில் தன் கல்லை வைத்தார். ரூத் அதில் பெயர் எழுதினாள். அவர் வந்தது போலவே ஏறிப் போனார்.

மூன்றாம் நாள் அந்தக் கல்லைக் காணோம்.

அன்றைக்குத்தான் நான் பயந்தேன். அக்கம்பக்கத்து ஊர்களில் தெருவும் தெருவும் முறைத்துக்கொண்டு நிற்கிற காலம் இது, பேப்பரில் நீயும் பார்த்திருப்பாய். கீழத்தெரு இளவட்டங்கள் படத்துக்கு அந்தப் பக்கம், நம் மேலத்தெருப் பையன்கள் இந்தப் பக்கம். கையில் கல்லை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை, காலுக்குக் கீழே ஊரெல்லாம் கல். போலீஸ் ஜீப் வந்து கரைமேல் நின்றது. ஆஸ்டின் நடுவில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். அப்போது சுவாமிதாஸ் மறுபடியும் வந்தார். மடியில் இன்னொரு கல். "நம்மூர்ல கல்லுக்கா பஞ்சம்? எடுக்க எடுக்க வச்சிக்கிட்டே இருப்பேன்" என்று சொல்லி அதே இடத்தில் வைத்தார். இரண்டு பக்கமும் ஓரடி பின்வாங்கியது. கொஞ்ச நேரத்தில் ஜீப் போய்விட்டது. பையன்கள்தான் இன்னும் போகவில்லை, ஆள் மாற்றி ஆள் கரைமேல் காவல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து துணி துவைக்க எடுத்தேன். உன் மச்சான் துண்டில் சுண்ணாம்பு. ஒரு எழுத்து அளவுக்கு, ஈரத்தோடு அப்பின மாதிரி. அவர் முகத்தைப் பார்த்தேன். "உன் தம்பி மானத்துக்குத்தான் செஞ்சேன், வேறெதுக்கு?" என்றார். ஊரில் யாரிடமும் ஏறிட்டுப் பேசாத மனுஷர், என் தம்பிக்காகக் கல் திருடியிருக்கிறார். அவரைத் திட்டவா, கும்பிடவா என்று தெரியாமல் துண்டைத் துவைத்துக் காயப்போட்டேன். துவைத்துக் காயப்போடுவது எனக்குப் பழக்கம்தானே.

ரூத் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு வருஷமாக ஒரே வேப்பமரத்துக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிடுகிறோம். என் குழம்பில் அவள் கை வைப்பாள், அவள் கருவாட்டில் நான் கை வைப்பேன். இதற்காகத்தான் இந்தப் படத்தையே ஆரம்பித்தாயா என்று நானே அவளிடம் கேட்டுவிட்டேன். அவள் என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். "இல்லக்கா. எங்கப்பா நின்ன எடத்துல அவுக கையால ஒரு கல்லு வைக்கணும், அவ்வளவுதான் ஆசைப்பட்டேன். மத்தவுக கல்லு என்ன சொல்லும்னு எனக்கு எப்படித் தெரியும்?" நான் அவளை நம்புகிறேன்.

ஆனி கடைசி ஞாயிற்றுக்கிழமை படத்தை முடித்து ஊர் கூடுகிறது. அதற்குள் பாக்கிக் கல்லெல்லாம் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பாக்கி என்று பேச்சுக்குச் சொல்கிறார்கள். உன் ஒரு கல்தான்.

அதனால் மறுபடியும் கேட்கிறேன். கலுங்கு என்று மட்டும் எழுதாதே. உன் கல்லை எங்கே வைக்க?

அக்கா,
குருவம்மாள்


நெடுங்கரை
23-6-96

தம்பி பாண்டீஸ்வரனுக்கு,

உன் தந்தி வந்தது. கடிதம் வரும் என்று வழி பார்த்திருந்தேன், தந்தி வந்தது. நம் ஊரில் தந்தி என்றால் என்ன அர்த்தம் என்று சூரத்துக்குப் போய் மறந்துவிட்டாயா? தபால்காரர் சைக்கிளை நிறுத்தி "தந்தி" என்றதுமே பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் சத்தம் கேட்டுத் தெருவே வந்துவிட்டது. கீழத்தெருவிலிருந்து ரூத்தும் ஓடிவந்தாள். என் தம்பி போய்விட்டான் என்றே நினைத்து வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ரூத்துதான் என்னைத் தாங்கிப் பிடித்திருந்தாள். இங்கிலீஷில் இருந்ததைத் தபால்காரர் தமிழில் சத்தமாக வாசித்தார். "கல் வைக்க வேண்டாம். பாண்டி."

அழுகை அப்படியே நின்றது. முத்துப்பேச்சி முடியை அள்ளி முடிந்துகொண்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ உயிரோடு இருக்கிறாய் என்று எனக்கு வந்த சந்தோஷத்தை உனக்கு எழுத்தில் சொல்ல முடியாது. அந்தச் சந்தோஷத்தின் மேலேயே வெட்கமும் வந்து உட்கார்ந்தது. கலுங்கில் நின்றவன் கல் வைக்க வேண்டாம் என்று எதற்குத் தந்தி அடிக்கிறான்? அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். ரூத் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் எழுந்து கண்மாய்க்கு நடந்தேன். பின்னாலேயே எல்லோரும் வருவது தெரிந்தது. உன் மச்சான் "ஏய் குருவு, நில்லு, சொன்னா கேளு" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். படத்தில் நம் வீட்டு வாசலில் இருந்த என் கல்லை எடுத்தேன். அன்றைக்கு நான் வாசலில் நிற்கவில்லை தம்பி. உனக்குச் சோறு கொண்டுவந்தேன். உள்வாய்க் காட்டு வரப்பில், தூக்குச்சட்டியோடு நின்றேன். முழங்கால் தண்ணீரில் நம் மிளகாய்ச் செடி முங்கிக்கொண்டிருந்தது, உன்னைக் காணோம். நிமிர்ந்து கரையைப் பார்த்தேன். பார்த்ததை இன்றுவரை உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். அப்பா காய்ச்சலில் கிடந்தார், அந்த மிளகாயைத்தான் நம்பியிருந்தோம். பனை முக்கில் கரையை ஒரு சாண் வெட்டினால் கொஞ்சம் தண்ணீர் வடியும், அப்புறம் அடைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருப்பாய். உனக்கு இருபத்திரண்டு வயது. ஆனால் அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தது தம்பி. அந்த மூன்று நாளில் நீ ஒரு தடவை வாயைத் திறந்திருக்கலாம். நானும் திறந்திருக்கலாம். கூட்டத்தில் நீ பொய் சொன்னதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன், பயத்தில் சொல்லியிருப்பாய். ஆனால் சுவாமிதாஸ் மேல் முதல் கை ஓங்கினதும் நீ. அதை நான் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தேன். பதினாறு வயது ரூத் ஓடிவந்து எங்களுக்கு முன்னால் நின்று, யாராவது ஒருவர் சொல்லுங்களேன், எங்கப்பா அங்கேதான் நின்றார் என்று சொல்லுங்களேன் என்று கெஞ்சினாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

என் கல்லைக் கொண்டுபோய் அந்த வரப்பில் வைத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. உன் பெயரை என் வாய் சொல்லவே இல்லை.

சுவாமிதாஸ் கரையிலிருந்து இறங்கி வந்தார். என் கல்லைப் பார்த்தார். அங்கிருந்து ஒற்றைப் பனை முக்குச் செம்மண்ணைப் பார்த்தார். பிறகு, "தாயி, இந்த எடத்துல நின்னா பனை முக்கு தெரியுமே" என்றார். தெரிந்தது என்றேன். ஊரே நின்றுகொண்டிருந்தது. எனக்கு வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, துடைக்கக்கூடப் பயம். கடைசியில் அவர், "பன்னெண்டு வருசத்துக்கு முந்தி தெரிஞ்சிருக்கணும்" என்றார். நான் அவர் காலைத் தொடப் போனேன். ஊன்றுகோலைக் குறுக்கே வைத்துத் தடுத்துவிட்டார்.

கீழத்தெருப் பையன்கள் சூரத் விலாசத்தைக் கேட்டுச் சத்தம் போட்டார்கள். சுவாமிதாஸ் திரும்பி ஒரு அதட்டுப் போட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அவர் எழுதச் சொன்னார். "யாரும் யாரையும் தேடிப் போக வேணாம். எந்தக் கூட்டத்துல வச்சு அவரு சொன்னாரோ, அந்தக் கூட்டத்துல வந்து அவரு கையால கல்ல வைக்கட்டும். மன்னிக்கிறதா வேணாமாங்கிறத நான் இன்னும் யோசிக்கல. மொதல்ல கல்லு வரட்டும்."

உன் மச்சான் என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது. சோற்றைத் தானே போட்டுக்கொள்கிறார். பாலவனத்தத்துக்காரர்கள் ஆவணி வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று ஆள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூத்தவள் அழவில்லை. "நீங்க செஞ்சது சரிதாம்மா, ஆனா கொஞ்சம் முன்னாலயே செஞ்சிருக்கலாம்" என்றாள். எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மதியம் வேப்பமரத்தடியில் இப்போது நான் மட்டும்தான் சாப்பிடுகிறேன். நேற்று ரூத் தன் தூக்குச்சட்டியோடு வெளியே வந்து, கொஞ்ச நேரம் நின்று, உள்ளே போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை, கூப்பிட எனக்கு வாய் ஏது?

உன் மண்வெட்டி இங்கேதான் பரணில் இருக்கிறது. அன்றைக்குக் கொண்டுவந்து கொல்லையில் போட்டுவிட்டு நீ போய்ப் படுத்துவிட்டாய். நான்தான் கழுவினேன். நேற்று இறக்கிப் பார்த்தேன். தகடு துருப்பிடித்துவிட்டது. காம்பு செருகுகிற இடுக்கில் மட்டும் கொஞ்சம் மண் இறுகிப்போய் இருக்கிறது. நகத்தால் சுரண்டினேன். நம் காட்டில் எங்கே தோண்டினாலும் கரிசல்தானே தம்பி, இது சிவப்பாக இருக்கிறது. அப்பா வண்டியில் கொண்டுவந்த மண்.

ஆனி கடைசி ஞாயிறு ஜூலை பதினாலு. சூரத்திலிருந்து பம்பாய் வந்து ரயில் ஏறினால் மூன்றாம் நாள் மதுரை. அங்கிருந்து அருப்புக்கோட்டைக்கு எந்நேரமும் பஸ் உண்டு. பஸ் ஸ்டாண்டில் இறங்கி நில், நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். கரையிலிருந்து பனை முக்கு வரைக்கும் உன் கூடவே நடந்து வருகிறேன். அடி விழுந்தால் என் மேலும் விழட்டும், எனக்கும் பங்கு இருக்கிறது. நீ வராவிட்டால் உன் கல்லை நான் வைக்க மாட்டேன். கலுங்கிலும் வைக்க மாட்டேன், பனை முக்கிலும் வைக்க மாட்டேன். ஐப்பசியில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்து எல்லாக் கல்லும் முங்கிவிடும், அதற்குப் பிறகு யார் எங்கே நின்றார்கள் என்று யாரும் பார்க்கப் போவதில்லை. அதை நினைத்து நீ நிம்மதியாக அங்கேயே உட்கார்ந்துவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீயும் ரேணுகாவும் என் மருமகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். உன் பிள்ளை தலைநிமிர்ந்து இந்த ஊருக்குள் நடக்க வேண்டும். அய்யனார் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வரும்போது எனக்குச் சேலை, துணி என்று ஒன்றும் வாங்கி வராதே. வெறுங்கையோடு வா. கல் என்னிடம் இருக்கிறது.

உன் அக்கா,
குருவம்மாள்